அலமாரிக்குள் வைத்த ஜாடி

ஸ்டெல்லா இறந்த செய்தியை அவள் தம்பி கல்மண்டபத்திலிருந்து ஆலைக்கு வந்து சொன்னான். அரை மணி நேரத்தில் மேலாளர் அஞ்சலிக் குறிப்பு ஒன்றை என்னைத் தட்டெழுதச் சொன்னார். "பணிவானவர்" என்று சேர்க்கச் சொன்னார். அந்தச் சொல்லை மட்டும் நான் தட்டெழுதவில்லை. அவளை அறிந்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

திருவொற்றியூரில் எங்கள் சாய ஆலையின் சோதனைக்கூடத்தில் அவள் வேலை பார்த்தாள். நான் அலுவலகத்தில் தட்டச்சு. ஆலையின் கழிவுநீர் பின்புறக் குடிசைகளின் கிணற்றில் இறங்கியது. மீன் விற்கும் மேரியக்கா ஒருநாள் குடத்தோடு வாசலுக்கே வந்துவிட்டார்.

"இன்னாம்மே, இத்த நீ குடிப்பியா? சோறு வடிச்சா ரோசா கலர்ல கீது. எங்க வூட்டுல தெனம் கல்யாணம்னு நெனச்சிக்கினியா?"

"குடிக்க மாட்டேன்க்கா," என்றாள் ஸ்டெல்லா. "ரெண்டு மாசம் டைம் குடு."

துத்தநாக உப்பைக் கரைத்து, சோடா சேர்த்து, படிந்த வெள்ளையைக் கழுவி உலையில் சுட்டாள். கிடைத்த ஆக்சைடை மாவைவிட மென்மையாக அரைத்தாள். சாயத் தண்ணீரில் அதைக் கலக்கி மொட்டைமாடி வெயிலில் வைத்தாள். மாலைக்குள் சிவப்பு போய்விட்டது. கறுப்புத்தாள் சுற்றி வைத்த இன்னொரு ஜாடியில் சிவப்பு அப்படியே இருந்தது. "வெயிலு பட்டாத்தான் இது வேலை செய்யும். நெழல்ல இது சும்மா சுண்ணாம்பு," என்றாள். இரண்டு ஜாடிகளையும் நான் பார்த்தேன்.

கழிவுநீரைப் பொடி கலந்து வெயிலில் விட, முற்றத்தில் ஆழமில்லாத ஒரு திறந்த தொட்டி. அவள் கேட்டது அவ்வளவுதான். அவள் ரகசியமாகப் பிளீச்சிங் பவுடர் போடுகிறாள் என்று மேலாளருக்குச் சந்தேகம். தாமே சோதிப்பதாகச் சொல்லி, பொடி கலந்த சாயத் தண்ணீர் ஜாடியைத் தம் இரும்பு அலமாரிக்குள் மூன்று நாள் பூட்டி வைத்தார். திறந்தபோது தண்ணீர் சிவப்பு.

"அலமாரிக்குள்ள சூரியன் வருமா சார்?"

"முதல்ல மரியாதையா பேசக் கத்துக்கோ."

'பலனில்லை' என்ற அறிக்கையைத் தட்டெழுதியவள் நான். அவள் என் மேசையருகே நின்று, "நீயும் பாத்தியேடி," என்றாள். நான் தலை நிமிரவில்லை. ஒரு பிழைகூட இல்லாமல் அடித்து முடித்தேன். மறுவாரமே அவளைப் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கிருந்தும் திங்கட்கிழமைதோறும் வந்து தொட்டியைக் கேட்டாள். போன வாரம் காய்ச்சல், நான்கே நாள்.

நல்லடக்கத்தன்று மேரியக்கா என்னைத் தாண்டிப் போய்க் குழியில் மண் போட்டார். அந்த அறிக்கையைப் பற்றி என்னைக் கேட்டிருக்கலாம்.

தட்டெழுத ஸ்டெல்லா தன் கையெழுத்தில் தந்த செய்முறைத் தாள்கள் நான்கு என்னிடம் இருக்கின்றன. அவற்றின் கீழே, மாடியில் நான் கண்டதையும் அலமாரியில் நடந்ததையும் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டேன். திங்களன்று ஒரு நகல் மேலாளருக்கு, ஒரு நகல் குடிசைவாசிகளுக்கு. என் வேலை போகும், போகட்டும். அவள் விட்டுப்போனதில் நான் எடுத்துக்கொண்டது அவள் கோபம். அவள் உயிரோடிருந்தபோது அதில் பாதியையாவது நான் சுமந்திருக்க வேண்டும்.