ஒரே முனை, வேறு வேகம்

கேபிள் கடைக்கு யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை; ஏதாவது ஒன்று ஓடாமல் நின்ற பிறகுதான் வருவார்கள். மும்பை மாட்டுங்கா ரயில் ஸ்டேஷன் பக்கம் கடை வைத்திருக்கும் எனக்கு இது பழகிவிட்டது. உங்கள் வீட்டு டிராயரிலும் சிக்குப்பிடித்த ஒயர்க்கூட்டம் கிடக்குமே, அப்படியானால் நீங்களும் நம் கட்சிதான்.

இண்டிகேட்டர்

இப்போது போன், லாப்டாப், மானிட்டர் எல்லாவற்றுக்கும் ஒரே முனை. உள்ளே ஓடுவதுதான் வேறு. சில கேபிள்கள் சார்ஜ் ஏற்றுவதோடு சரி. சில படத்தையும் ஃபைலையும் பறக்கவிடும். பேங்க்கில் ரிடையரான மாமா ஒருவர் போன் கேபிளை மானிட்டரில் சொருகிவிட்டு, படம் வரவில்லை என்று மானிட்டரையும் லாப்டாப்பையும் கடைக்கே தூக்கி வந்துவிட்டார். கேபிளை மாற்றினேன், படம் வந்தது. மாமாவுக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

“ஸ்லோ லோக்கலும் ஃபாஸ்ட் லோக்கலும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கு. ஆனா எது ஃபாஸ்ட்னு ஸ்டேஷன் இண்டிகேட்டர்ல அவன் போடறானோல்லியோ? உன் ஒயர்ல ஏம்ப்பா போடல?”

ஒற்றுமை

தாணேயிலிருந்து வந்த சேல்ஸ்மேன் தம்பி, இனிமேல் ஒரே ஸ்டாண்டர்ட், எல்லாக் கம்பெனியும் சப்போர்ட் என்று அரை மணி நேரம் பேசினார். வேகத்தைக் காட்டச் சொன்னேன். புதுக் கேபிளைத் தன் லாப்டாப்பில் சொருகினார். ஃபைல் பழைய வேகத்திலேயே அசைந்து அசைந்து நடந்தது. தம்பி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க அண்ணே, எங்க ஆபீஸ் லாப்டாப்தான் இன்னும் ஒத்துக்கல.”

ஃப்ளைட்டுக்கு முன்னால்

தாராவியில் கல்யாண வீடியோ எடுக்கும் காதர் பாய் ஒரு மத்தியானம் லாப்டாப்போடு மூச்சிரைக்க வந்தார். மணப்பெண்ணின் வாப்பா மஸ்கட்டில் படுத்த படுக்கையாக இருப்பதால் அவரால் கல்யாணத்துக்கு வர முடியவில்லை. அவருக்குக் காட்ட, மணமக்கள் வீடியோவை ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலம் விமானம் ஏறுகிறார்கள். மெஷினோ, காப்பி ஆக நாளைக் காலை ஆகும் என்கிறது.

பார்த்தால், டிஸ்க்கில் மாட்டியிருப்பது போன் சார்ஜ் ஏற்றும் நீளக் கேபிள். டிஸ்க்கோடு வந்தது எங்கே என்றேன். “அது சாண் நீளம்கூட இல்ல அண்ணாச்சி, டப்பாவுலயே போட்டுட்டேன்” என்றார். அதே மாதிரிக் குட்டைக் கேபிள் ஒன்றை எடுத்து மாட்டினேன். நாளைக் காலை என்றது, அரை மணி நேரம் என்று இறங்கியது. எனக்கே போன உயிர் திரும்பி வந்தது. பாய் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அந்தக் கல்யாணத்துல தின்ன பிரியாணி இப்பத்தான் அண்ணாச்சி எனக்குச் செமிக்கி.”

எந்த ஸ்டாண்டர்டுக்கு எத்தனை வேகம் என்று கம்பெனிக்காரர்கள் பேசித் தீர்க்கட்டும். மகள் விமானம் ஏறுவதற்குள் காப்பி ஆனால், எங்கள் கடையில் அதுதான் ஹை ஸ்பீட்.