கரண்டியில் உருகாத உப்பு

எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தபோது ஸ்டோர் கணக்கெழுதும் கிராணி முனியாண்டி என்னைத் தேடி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

“அக்கா, உர ஸ்டோர்ல ஒரு உப்புச் சாக்கக் காணோம். அதுல உப்பு இல்ல, உரம்.”

மலேசியாவில் பகாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டம், எண்ணெய் ஆலையோடு. அங்கே மில் லேபில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். உர மூட்டை கிழிந்தால், சிந்தியதைக் கூட்டி அள்ளிக் கையில் கிடைத்த பழைய சாக்கில் கட்டிவைப்பது எங்கள் ஸ்டோர் வழக்கம். திருவிழாச் சாமான்களையும் அந்த வருஷம் அங்கேயே இறக்கியிருந்தார்கள். லோரிக்காரர் ஒரே உப்பு மார்க் போட்ட இரண்டு சாக்கையும் ஏற்றிவந்துவிட்டார். சமையல்கட்டில் ஒன்று பிரித்துக் கிடந்தது. சாம்பாருக்கு அதிலிருந்துதான் அள்ளிப் போட்டிருந்தார்கள்.

“என்ன உரம்டா?”

“வெள்ளையா இருந்துச்சு. வேற ஞாபகம் இல்ல லா.”

வெள்ளை என்றால் யூரியா என்று முடிவு கட்டினேன். இன்னொரு உரமான பொட்டாஷ் எங்களுக்கு எப்போதும் சிவப்பாகத்தான் வரும். சாம்பாரை ஒரு சொட்டு ருசி பார்க்கலாம் என்றேன். கோயில் தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“படையலுக்கு முந்தி யாரும் வாய் வைக்கக் கூடாதும்மா. நீதான் லேப்காரியாச்சே, வேற மாதிரி பாத்துச் சொல்லு.”

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

லேபுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். படிகங்கள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே பிடிப்பு வேறு. யூரியா மூலக்கூறுப் படிகம். மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் இலேசாகத்தான் பிடித்திருக்கும். அடுப்புச் சூட்டிலேயே உருகி அமோனியா நாற்றம் அடிக்கும். உப்பு அயனிப் படிகம். நேர்மின் அயனியும் எதிர்மின் அயனியும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். எண்ணூறு டிகிரி வரை அசையாது. மணல் இன்னொரு வகை, அணுவுக்கு அணு சகப்பிணைப்பு. கரண்டி உலோகப் பிணைப்பு.

பிரித்த சாக்கிலிருந்து ஒரு சிட்டிகையைக் கரண்டியில் வைத்து அடுப்பில் காட்டினேன். படபடவென்று பொரிந்தது. உருகவில்லை, நாற்றமும் இல்லை.

“உப்புதான். தாராளமாப் படையல் போடலாம்” என்றேன்.

படையல் போட்டார்கள். நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் முதல் பந்தி. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகும் என் வீட்டுக்காரரும் அதில் உட்கார்ந்தார்.

முனியாண்டி மற்றச் சாக்கைத் தோளில் தூக்கப் போனான். “அப்போ இதுதான் யூரியா, ஸ்டோருக்கே கொண்டு போறேன்” என்றான். எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் பிரித்து ஒரு சிட்டிகையைச் சுட்டேன்.

அதுவும் உருகவில்லை.

இரண்டில் ஒன்று உரம் என்பது நிச்சயம். உருகாத வெள்ளை உரம் எது?

“முனியாண்டி, இந்தத் தடவ பொட்டாஷ் என்ன கலரு?”

“வெள்ளதான் கா. சிவப்பு கிடைக்கலன்னு வெள்ளைய அனுப்பினாங்க.”

பொட்டாஷும் உப்பைப் போலவே அயனிப் படிகம். பிரித்த சாக்கிலிருந்து ஒரு சிட்டிகையை கேஸ் அடுப்பின் நீலத் தீயில் தூவினேன். இளம் ஊதா, பொட்டாசியத்தின் நிறம். மற்றதைத் தூவினேன். பளிச்சென்று மஞ்சள், அதுதான் சாப்பாட்டு உப்பு. சாம்பாரில் கிடந்தது பொட்டாசியம். சிறுநீரகம் போனவர்களுக்கு அதை வெளியேற்ற வழியில்லை, இதயமே நின்றுவிடும்.

நான் ஓடினேன். பந்தியில் என் வீட்டுக்காரர் கையைத் தட்டிவிட்டேன். சோறு பக்கத்து இலையில் விழுந்தது.

“யாரும் சாப்பிடாதீங்க. எத்தன வாய் சாப்ட்டீங்க?” என்று அவரிடம் கேட்டேன்.

“நாலு, அஞ்சு இருக்கும். கசந்துச்சு. நீதான் உப்புன்னு சொன்னியேன்னு…”

காரில் போகும்போது அவர் மணிக்கட்டை விடவேயில்லை நான். நாடி விட்டு விட்டு அடிப்பதுபோல் தோன்றும். என் பயமா, அவர் நாடியா என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்ததும் டயாலிசிஸ் மெஷினுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பந்தியில் இருந்த மற்றவர்கள் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். எனக்கு அவர் ஒருவர்தான் கண்ணில் இருந்தார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். இது யூரியா இல்லை என்பதைத்தான் கரண்டி காட்டியது. உப்பு என்று சொன்னது நான். இரண்டாவது சாக்கில் இருந்ததையும் முதலிலேயே சுட்டிருந்தால் அந்த வார்த்தை என் வாயில் வந்திருக்காது.

சாயங்காலம் ஆபத்து நீங்கியது. டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டார்.

“தெரியாம நடந்துருச்சு டாக்டர்” என்றார் அவர், எனக்காக.

“இல்ல டாக்டர்,” என்றேன். “தெரியும்னு நான் சொன்னதாலதான் நடந்துச்சு.”