உப்பு மகுடமும் சித்தியின் சாக்பீஸும்

ஒருவர் கடைக்குள் நுழைந்து ஆளுயரக் கண்ணாடி முன்னால் போய் நிற்பதற்குள், அவருடைய பேன்ட்டில் எவ்வளவு மடிக்க வேண்டும் என்று சித்தி சொல்லிவிடுவாள். டேப் அதற்குப் பிறகுதான் வரும், அதுவும் வந்தவரின் மன நிம்மதிக்காக. அந்தத் துணி திருத்தும் கடையில் அவளுக்கு இருபத்திரண்டு வருடம். முதல் மேசை அவளுடையது. முதல் மேசைக்காரர் கையில்தான் சாக்பீஸ் இருக்கும். எங்கே வெட்டுவது, எங்கே பிடிப்பது, எங்கே பிரித்துவிடுவது என்று அவர் போட்ட கோட்டின்மேல்தான் மற்ற மூன்று மெஷின்களும் ஓடும்.

கடையின் மறுகோடியில், கழிவறைக் கதவை ஒட்டிக் கிடப்பது பட்டன் மேசை. அங்கே பட்டன் அண்ணன் இருக்கிறார். அவரும் ஒரு காலத்தில் முதல் மேசைக்காரர்தான். மூக்குக்கண்ணாடி போட்டார், பட்டனுக்குப் போனார். எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டாத கடைச் சட்டம் அது. பழைய முதலாளி போட்டது. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அவருடைய மகள், இப்போதைய முதலாளியம்மா, அதை அப்படியே வைத்திருந்தாள்.

அதனால் சித்தி மூக்குக்கண்ணாடி போடவில்லை.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். நான் பிறந்தபோது எந்த அசரீரியும் கேட்கவில்லை என்றாலும், 'இவன் ஒருத்தன் படிச்சு வந்துட்டா நம்ம எல்லாருக்கும் விடிஞ்சிடும்' என்று வீட்டில் ஓர் ஆரூடம் உலவிக்கொண்டிருந்தது. படித்து வந்துவிட்டேன். விடிவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்லி இரண்டு வருடமாகச் சமாளிக்கிறேன். இடைப்பட்ட காலத்தில் நான் செய்த ஒரே முழுநேர வேலை 'உப்பு மகுடம்' என்ற தொடரைப் பற்றி ஆராய்ச்சி எழுதியதுதான்.

அந்தத் தொடரின் முதல் எபிசோடில் ஒரு கிணறு பேசும். 'இரண்டு நிழல் உடையவர் தலையில் உப்பு கரையாது' என்று சொல்லிவிட்டு அடங்கிவிடும். அந்த நாட்டு மகுடம் உப்பால் ஆனது. தகுதி இல்லாதவன் தலையில் வைத்தால் கரைந்து முகத்தில் வழியும். யார் அந்த இரண்டு நிழல் ஆள்? இதைக் கண்டுபிடிக்க 'கிணற்றடி' என்ற பெயரில் ஒரு ரசிகர் குழு இருந்தது. இரண்டாயிரம் பேர். அதை நடத்தியவர் தனக்குத் தானே 'தலைமைக் குரு' என்று பட்டம் சூட்டிக்கொண்டவர். இரட்டையர் என்றது ஒரு கட்சி. செத்துப் பிழைத்தவன் என்றது இன்னொரு கட்சி. அந்த நாட்டு வானில் இரண்டு நிலா உண்டு, அதனால் விழும் நிழல்கள் என்றேன் நான். எந்த இரவில் எந்த நிலா எங்கே உதித்தது என்று எபிசோடு வாரியாக அட்டவணை போட்டு நாற்பது பக்கம் எழுதினேன். கல்லூரியில் அவ்வளவு உழைத்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு நேரம் கிடைத்திருக்காது.

சனிக்கிழமை மதியம் புது எபிசோடு வரும். சந்தா என் பெயரில் இருந்ததால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நான் கடைக்குப் போய்விடுவேன். முதல் மேசைக்கு எதிர்ச்சுவரில், பன்னிரண்டு அடி தள்ளி ஒரு டிவி, அதில் லேப்டாப்பை இணைத்துவிடுவேன். எல்லாரும் மடியில் சாப்பாட்டு டப்பாவை வைத்துக்கொண்டு மந்திர தந்திரங்களைப் பார்ப்பார்கள்.

ஐந்தாவது எபிசோடின்போது சித்தி வாயில் சாப்பாட்டோடு சொன்னாள்: "டேய், அந்தத் தண்ணிக்காரப் பொண்ணு மாசமா இருக்கா."

"எந்தப் பொண்ணு?"

"அதான்டா, குடத்தைத் தூக்கிட்டு அரண்மனை பூராத் திரியுதே."

"சித்தி, அது சும்மா பின்னாடி நடக்குற ஆளு. கதையில அவளுக்குப் பேருகூட இல்ல."

"பேரு இல்லன்னா வயிறு இருக்காதா? விலாப்பக்கம் பாரு. ரெண்டு வாரம் முன்னாடி தையல் உடம்பை ஒட்டி இருந்துச்சு. இப்ப பிரிச்சு விட்டிருக்காங்க. உள்ள இருந்த வெளுக்காத துணி கோடா தெரியுதுல்ல, ஒரு விரல் அகலத்துக்கு?"

நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தேன். அழுக்குப் பழுப்பு உடையில், அக்குளிலிருந்து இடுப்புவரை ஒரு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் அடர்ந்த பழுப்பு. இரண்டாயிரம் பேர் ஒவ்வொரு சட்டகமாக நிறுத்திப் பார்த்தும் கண்ணில் படாதது, பன்னிரண்டு அடி தூரத்திலிருந்து, வாயில் கவளத்தோடு இருந்தவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"அப்புறம் குடத்தைப் பாரு. முன்னாடியெல்லாம் இடுப்புல வச்சிருந்தா. இப்ப வயித்துக்கு நேரா கட்டிப் பிடிச்சுக்கிட்டு நடக்குறா. எவளாவது தண்ணிக் குடத்தை அப்படித் தூக்குவாளா?"

அந்தக் குடத்துக்குள் ஆதி சமுத்திரம் அடைக்கப்பட்டிருக்கிறது என்று கிணற்றடியில் தனியாக ஒரு கோட்பாடே ஓடிக்கொண்டிருந்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு.

"நாற்பது பக்கம் எழுதினியே. வயித்துல ஒண்ணு இருந்தா ரெண்டு நிழல்தானே? மகுடம் அவ தலைக்குத்தான் போகும். முடிஞ்சுது கதை. எழுந்து நில்லு, நான் கை கழுவப் போகணும்."

அன்று மாலையே அதைக் குழுவில் எழுதினேன். 'என் சித்தி சொன்னாள்' என்று எழுதவில்லை. 'ஆடை வரலாற்று நோக்கில் ஒரு மறுவாசிப்பு' என்று தலைப்புப் போட்டேன். படித்தவன் என்றால் இப்படி ஏதாவது பண்ணத்தானே வேண்டும்?

ஏழாவது எபிசோடு வந்த வாரம் வேறொரு விஷயம் வெடித்தது. கறுப்புக் கோட்டு ஒன்று திரும்பி வந்தது. கைப்பட்டி முழுக்கக் கருநீல நூலில் தைத்திருந்தது. வெயிலில் நின்று பார்த்த பிறகுதான் கோட்டுக்காரருக்கே தெரிந்திருக்கிறது. முதலாளியம்மா கோட்டைக் கொண்டுவந்து முதல் மேசையில் விரித்தாள். அவளுக்கு என்னைவிட ஆறேழு வயது அதிகம் இருக்கும். பள்ளிக்கூடச் சீருடையை அவளுக்குத் தைத்துக் கொடுத்ததே சித்திதான்.

"அக்கா, இது மூணாவது."

"லைட்டு சரியில்ல பாப்பா."

"லைட்டு மாத்தி ரெண்டு மாசம் ஆகுதுக்கா. உங்களுக்குக் கண்ணு தெரியல. நீங்க பட்டன் மேசைக்கு மாறிக்குங்க. வேற வழி இல்ல."

மெஷின்கள் நின்றன. சித்தி கோட்டைப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்தாள்.

"எனக்கா கண்ணு தெரியல? இந்தக் கடையில யாராவது ஒருத்தருக்கு அந்தத் தண்ணிக்காரப் பொண்ணோட தையல் தெரிஞ்சுதா? இந்த வாரம் ரெண்டு விரல் பிரிச்சிருக்காங்க. அவ மாசமா இருக்கா. இல்லன்னு ஆயிடுச்சுன்னா நானே சாக்பீஸைக் கையில கொடுத்துட்டுப் போறேன்."

"ஆமான்னு ஆச்சுன்னா?"

"என் மேசைப் பேச்சை எடுக்கக்கூடாது."

முதலாளியம்மாவும் அந்தத் தொடருக்கு அடிமைதான். "சரி. கடைசி எபிசோடு வரைக்கும்" என்றாள்.

நான் அன்று என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதற்கு மூன்று மாதம் முன்பு என் நேர்காணல் பேன்ட்டைச் சித்திதான் மடித்துத் தைத்தாள். இடது கால் வலது காலைவிட அரை அங்குலம் மேலே நின்றது. நேர்காணலில் ஒருவர் நான் வெளியே போகும்வரை என் கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை கிடைக்காததற்குப் பழியை அந்த அரை அங்குலத்தின் மேல் போட எனக்கு ஆசைதான். ஆனால் அவர்கள் கேட்ட எட்டுக் கேள்விகளில் ஐந்துக்குப் பதில் தெரியவில்லை, அதற்கும் பேன்ட்டுக்கும் சம்பந்தமில்லை. சித்தியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. மனசு நோகும் என்று பேசாமல் இருந்தேனா, பயமா என்று இன்னும் தெரியவில்லை. இப்போது போய் 'சித்தி, உங்களுக்குக் கண் கோளாறுதான்' என்று சொன்னால் முதலாளியம்மா கட்சியில் சேர்ந்த மாதிரி ஆகிவிடும் என்று மறுபடியும் வாயை மூடிக்கொண்டேன்.

எட்டாவது எபிசோடில் தண்ணீர்க்காரப் பெண் தண்ணீர் எடுக்கப் போனாள். ஒன்பதாவதில் அவள் திரும்பி வரவில்லை.

"பிரசவத்துக்குப் போயிருப்பா" என்றாள் சித்தி. குரலில் பழைய திடம் இல்லை.

பத்தாவதில் ஒவ்வொருவராக மகுடத்தை வைத்துப் பார்த்தார்கள். இளவரசன் முகத்தில் உப்புத் தண்ணீர் வழிந்தது. அவன் மாமன், சூனியக்காரி, படைத்தலைவன், எல்லாருக்கும் வழிந்தது. கடைசியில் ஒரு கொல்லன் உள்ளே வந்தான். வலப்பக்கம் ஒரு தீப்பந்தம், இடப்பக்கம் ஒரு தீப்பந்தம். சுவரில் இரண்டு நிழல். மகுடம் கரையவில்லை. சுபம்.

பட்டன் அண்ணன்தான் ஆரம்பித்தார்: "ரெண்டு பக்கம் விளக்கு வச்சா எனக்கும்தான் ரெண்டு நிழல் விழும். என்னை எந்த நாய் ராஜா ஆக்குச்சு?"

கிணற்றடியில் ஒரே மணி நேரத்தில் நானூறு பேர் வெளியேறினார்கள். தலைமைக் குரு தன் படத்தை எடுத்துவிட்டுக் கறுப்புக் கட்டம் வைத்தார். எனக்கு அதிலெல்லாம் மனம் போகவில்லை. சித்தி சாக்பீஸை எடுத்து, முந்தானையில் துடைத்து, முதலாளியம்மா கையில் வைத்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நான் வந்து..."

"பேச்சு பேச்சுதான் மேடம்" என்றாள் சித்தி. இருபத்திரண்டு வருடத்தில் அவள் அந்தப் பெண்ணை மேடம் என்று கூப்பிட்டது அன்றுதான்.

திங்களும் செவ்வாயும் அவள் பட்டன் தைத்தாள். விரலால் தடவித் தடவித் துளையைக் கண்டுபிடித்துத் தைத்தாள் என்று பட்டன் அண்ணன் என்னிடம் தனியாகச் சொன்னார்.

புதன்கிழமை எனக்கு மூன்று மணிக்கு இன்னொரு நேர்காணல். அதே பேன்ட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பியவன், பேருந்துக்குக் காத்திருந்தபோது போனில் ஒரு பேட்டியைப் படித்தேன். புகைப்படத்தில், தண்ணீர்க்காரியாக நடித்த பெண், கையில் பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையோடு. 'படப்பிடிப்புத் தொடங்கும்போது எனக்கு மூன்று மாதம். வாரா வாரம் உடையைப் பிரித்துவிட்டார்கள். ஒரு கட்டத்தில் பிரிக்கத் துணி இல்லை. குடத்தை முன்னால் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். கடைசியில் அதுவும் மறைக்கவில்லை, தண்ணீர் எடுக்க அனுப்பிவிட்டார்கள்.'

பேருந்து வந்தது. நான் ஏறவில்லை. கடைக்கு ஓடினேன்.

முதலாளியம்மா அதை இரண்டு தடவை படித்தாள். "கதையில அவளுக்குக் குழந்தை இல்லையே" என்றாள், தோற்கப் போகிறவர்களின் குரலில்.

"கதையைப் பத்தி யாரு பேசினா?" பட்டன் மேசையிலிருந்து சித்தி எழுந்து வந்தாள். "மந்திரம், கிணறு, நிலா எல்லாம் இவனோட ஆராய்ச்சி. நான் துணியைப் பார்த்தேன். அவ மாசமா இருக்கான்னேன். இருந்தாளா இல்லையா? பந்தயம் கதைக்கா, என் கண்ணுக்கா?"

முதலாளியம்மா மேசை இழுப்பறையைத் திறந்தாள். சாக்பீஸை எடுத்துக் கொடுத்தாள். சித்தி போய் முதல் மேசையில் உட்கார்ந்து, அங்கே கிடந்த ஒரு கறுப்புச் சட்டையை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தாள். கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். இன்னும் கொஞ்சம். கை முடிகிற இடம்வரை தள்ளிவிட்டு, அதற்கு மேல் தள்ளக் கை இல்லாமல் தலையைப் பின்னால் சாய்த்தாள்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளும் நாங்கள் பார்ப்பதைப் பார்த்தாள். தூரத்தில் இருப்பதுதான் அவளுக்கு நன்றாகத் தெரியுமே.

"அக்கா," என்றாள் முதலாளியம்மா மெதுவாக, "அந்தச் சட்டையை டிவி மேல மாட்டிடவா?"

யாரோ சிரிப்பை அடக்கியது தும்மல் மாதிரி வெளியே வந்தது. சித்தி சட்டையை மடியில் போட்டுக்கொண்டு தலை குனிந்தாள். அப்போது பட்டன் அண்ணன் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கடையின் மொத்த நீளத்தையும் நடந்துவந்து, முதல் மேசையில் வைத்தார்.

"போட்டுப் பாரு தங்கச்சி. கடிக்காது."

"போட்டா பட்டன்தானே?" சித்தி கேட்டது அவரை அல்ல.

முதலாளியம்மா நகத்தைக் கடித்தாள். "அது அப்பா வச்ச சட்டம்க்கா. கோடு நேரா விழுந்தா சரி. மூக்கு மேல என்ன இருக்குன்னு நான் ஏன் பார்க்கணும்?"

"அப்ப நான் ஒன்பது வருஷமா கக்கூஸ் கதவுக்குக் காவல் இருந்தது எதுக்கு?" என்றார் பட்டன் அண்ணன்.

"அண்ணே, அதை நாளைக்குப் பேசுவோம்."

"பேசணும்" என்றார் அவர். "நான் மறக்க மாட்டேன்."

சித்தி மாட்டிக்கொண்டாள். மூக்கில் நிற்காமல் சரிந்ததை ஒரு விரலால் ஏற்றிவிட்டாள். மடியில் கிடந்த சட்டையைப் பார்த்தாள். பிறகு போன வாரம் முடித்து அடுக்கியிருந்த துணிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"அடக் கண்றாவியே! இந்தக் கோணல எவ தைச்சா?"

"நீங்கதான்க்கா."

"வெளிய சொல்லாதீங்க" என்று அந்த அடுக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு மேலாக என்னைத் தலையிலிருந்து கால்வரை அளந்தவள், காலில் நின்றுவிட்டாள். மேசையைச் சுற்றி வந்து கீழே குனிந்து, இந்த முறை கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

"டேய். இந்த இடது கால்..."

"தெரியும் சித்தி."

"எப்பலேருந்து?"

"நாலு மாசமா."

"இதைப் போட்டுக்கிட்டா அந்த நேர்காணலுக்குப் போன?"

"ம்."

சித்தி நிமிர்ந்தாள். "நாற்பது பக்கம் எழுதத் தெரியுது. 'சித்தி, கால் தூக்கிட்டிருக்கு'ன்னு ஒரு வரி சொல்ல வாய் வரலையா?"

என்னிடம் இதற்கு அட்டவணை இல்லை.

"கழட்டு."

"இங்கயா? மூணு மணிக்கு நேர்காணல் சித்தி!"

"அப்ப சீக்கிரம் கழட்டு."

கழிவறைக்குள் போய், கதவிடுக்கு வழியாகப் பேன்ட்டை நீட்டினேன். கண்ணாடி இல்லாததால் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த பட்டன் அண்ணன் அதை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார். நான் சட்டையை முடிந்த மட்டும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு கதவில் காதை வைத்தேன். தையல் பிரிகிற சத்தம் கேட்டது. பிறகு துணிமேல் சாக்பீஸ் ஒரே இழுப்பாகப் போகிற சத்தம்.

"ரெண்டு காலும் கோணல்டா!" என்று சித்தி முன்னாலிருந்து கத்தினாள். "உள்ளேயே இரு!"