ரியாஸின் ஒட்டகம்

இன்று கடையொன்றில், விளையாட்டுச் சட்டையின் மார்பில் பாயும் சிறுத்தையை விரலால் தடவியபோது, மெஷின் எண்ணெயும் புது நூலும் மணக்கிற, எப்போதோ இடித்துத் தள்ளப்பட்ட, வளைகுடா நாட்டில் சத்வா என்ற பகுதியில் இருந்த அப்பாவின் எம்பிராய்டரி கடை காதுக்குள் தடதடத்தது. சின்ன வயதில், மணல் மைதானத்தில் என்னை எப்போதும் முந்துகிற நெட்டைக்கால் ரியாஸுக்கு, வயிற்றெரிச்சலில் 'ஒட்டகம்' என்று பேர் வைத்தவன் நான்தான். அவன் அழுதுகொண்டே கடைக்கு வர, அப்பா அவன் டீ-ஷர்ட்டில் பாய்ந்தோடும் ஒட்டகம் ஒன்றைத் தைத்துக் கொடுத்தார். ஒரே வாரத்தில் எங்கள் பில்டிங் பிள்ளைகள் எல்லாரும், "அங்கிள், எனக்கும் ஒட்டகம்!" என்று வந்து நின்றார்கள். கடைசியில் நானும் சட்டையை நீட்டினேன்.

"நீ வச்ச பேருதானடா, குடு" என்று அப்பா சிரித்தார்.

மைதானத்தில் ரியாஸ் ஓடிவந்து தோளில் கைபோட்டான். "மச்சான், நீயும் நம்ம டீமா? யல்லா, வா ஓடலாம்!"

அன்று அவன் பின்னால் ஓடிய ஒட்டகங்களில் கடைசி ஒட்டகம் நான்.