யாராவது பெரியவர்

சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே நான் பள்ளிக்கூடத்தை விட்டவள். வீட்டுக் கஷ்டம் என்று ஊரில் நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் பயம். விடைத்தாளில் ஒரு எழுத்தை அடித்துத் திருத்தினாலே அடுத்த கேள்விக்குப் போகமாட்டேன்.

பிறகு பதுளையில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் செருப்புக்கடையின் மாடியில் நடந்த கிராபிக் டிசைன் வகுப்பில் சேர்ந்தேன். கண்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்தினால் செய்த தப்பு செய்யாததாகிவிடும் என்று முதல் நாளே சார் காட்டினார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வேண்டுமென்றே ஒரு வட்டத்தைக் கோணலாக வரைந்தேன், அழித்தேன், மறுபடி வரைந்தேன். அன்றைக்கு முழுவதும் அதுதான் வேலை. பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு பொத்தான் இருந்திருந்தால் நான் இந்நேரம் டாக்டர்.

ஆனாலும் பயம் முழுசாகப் போய்விடவில்லை. ஒரு வேலையை முடித்து ‘ஃபைனல்’ என்று சேவ் பண்ணுவேன். உடனே சந்தேகம் வரும். எதையாவது கொஞ்சம் நகர்த்தி ‘ஃபைனல் இல்லை’ என்று ஒன்று, ‘இதுதான் ஃபைனல்’ என்று ஒன்று, ‘சத்தியமா இதுதான்’ என்று இன்னொன்று. பக்கத்துக் கம்ப்யூட்டர் பிள்ளைகள் அதைப் படித்துப் படித்துச் சிரிப்பார்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் கரப்பந்தாட்டப் போட்டி வந்தது. அண்ணன்தான் அணித் தலைவன். பேனரை நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கோப்பை கொடுக்க வரும் பிரதம அதிதி யாரென்று அப்போது முடிவாகவில்லை. எழுத்தின் அளவு பார்ப்பதற்காக அந்த இடத்தில் ‘யாராவது பெரியவர்’ என்று தட்டி, வழக்கம்போல ‘ஃபைனல்’ என்று சேவ் பண்ணி வைத்தேன். பிறகு டவுனிலிருந்து ஒரு கடை முதலாளி வருவதாகச் சொன்னார்கள். அவர் பெயரைப் போட்டு ‘சத்தியமா இதுதான்’ வரைக்கும் சேவ் பண்ணி, எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றி, அச்சடிக்கும் கடையில் கொடுத்தேன். ‘சத்தியமா இதுதான்’ என்பதைத் திறங்கள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவர்கள் ‘ஃபைனலை’த் திறந்தார்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் திறப்பார்கள். சுருட்டிக் கொடுத்ததை நான் பிரித்துப் பார்க்காமலே பஸ் ஏறினேன், பார்த்தால் ஏதாவது தப்புத் தெரிந்துவிடுமே என்று.

காலையில் மைதானத்தில் இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டினார்கள். நீலமும் மஞ்சளுமாக, பனிக்குள் அவ்வளவு அழகாக இருந்தது. சத்தமாக வாசித்துக்கொண்டே வந்த அண்ணன் ஓரிடத்தில் நின்றுவிட்டான்.

“பிரதம அதிதி, யாராவது பெரியவர். என்னாடி இது?”

கையில் கண்ட்ரோலும் இல்லை, இசட்டும் இல்லை. லயத்து வீட்டுக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இனி ஒருவரும் என்னிடம் ஒரு பேனர் கேட்கமாட்டார்கள், வகுப்புக்குப் போவதும் இதோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் மைதானத்துப் பக்கம் ஒரே சிரிப்பு. என்னைத்தான் என்று நினைத்துக்கொண்டே போய்ப் பார்த்தேன். முதலாளிக்குக் காய்ச்சல், வரமாட்டார் என்று போன் வந்திருந்தது. அவருக்குப் போட்ட நாற்காலியில், மைதானத்துக்குக் கீழே கரட் தோட்டம் போட்டிருக்கும் தாத்தா மடிப்புக் கலையாத சட்டையோடு உட்கார்ந்திருந்தார். தன் பாத்தியில் விழுந்த பந்தைத் திருப்பித் தராதவர். பையன்களின் முதல் எதிரி.

“தாத்தா, அது பிரதம அதிதி நாற்காலி” என்றான் அண்ணன்.

“தெரியுது. யாராவது பெரியவர்னு போட்டுருக்கு. இங்க என்னைய விட பெரியவன் யாருன்னு சொல்லு, எந்திரிக்கிறேன்.”

கடைசியில் கோப்பையை அவர்தான் கொடுத்தார். கொடுக்கும் முன்னால் ஒரு சாக்கை அவிழ்த்து, இத்தனை காலமாகப் பிடித்து வைத்திருந்த பந்துகளை மைதானத்தில் கொட்டினார். அப்போது பறந்த விசில் கோப்பைக்குக்கூடப் பறக்கவில்லை. நானும் விசிலடித்தேன் என்று அண்ணன் இன்னும் சொல்லிக் காட்டுகிறான்.

இந்த வருடப் பேனருக்கும் என்னிடமே வந்தார்கள். இந்த முறையும் பிரதம அதிதியான தாத்தா, தன் போட்டோவும் வேண்டும் என்றார். என் பழைய லேப்டாப்பில் அவரைப் பின்னணியிலிருந்து வெட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். காதோர முடிதான் பெரும்பாடு. அவர் வாசலில் வந்து நின்றார்.

“மண்டையக் கறுப்பாக்க முடியுமா, பிள்ளை?”

“முடியும் தாத்தா. புடிக்கலன்னா பழையபடி வெள்ளையாக்கிடலாம்.”

அவர் திரைக்குக் கிட்டே வந்து குனிந்தார்.

“ரெண்டையும் செஞ்சு வை. யோசிச்சு சொல்றேன்.”

‘ஃபைனல் கறுப்பு’, ‘ஃபைனல் வெள்ளை’ என்று சேவ் பண்ணி வைத்திருக்கிறேன்.