காற்றோட்டமுள்ள கயாக்

போன வாரம் ஓர் அலுமாரியின் முதுகுப் பலகையில் காற்றுத் துளை போட டிரில்லை எடுத்தேன். மரத்தூள் வாசம் மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. இருபது வருஷமாக அலுமாரி செய்கிறவனுக்கு இது வெட்கக்கேடுதான். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்; சிரியுங்கள்.

கொரோனா காலத்தில் கம்பளையில் எங்கள் பட்டறைக்கு ஒரு கதிரைக்குக்கூட ஓடர் வரவில்லை. கூட்டாளி ரிஸ்வானுக்குக் கட்டாரில் வேலை சரியாகியிருந்தது, விமானம்தான் பறக்கவில்லை. மகாவலிக் கரையில் பிறந்தும் ஆற்றில் முழங்காலுக்கு மேல் இறங்காத வீரன் அவன். "போறதுக்குள்ள ஒருக்கா ஆத்து நடுவுல இருந்து ஊரைப் பாக்கோணும் மச்சான்" என்றான். யாரோ வெள்ளைக்காரர் பிளைவுட்டில் கயாக் என்கிற ஒடுக்கமான துடுப்புப் படகு கட்டும் வீடியோவை ஃபோனில் காட்டினான். பாஷை புரியவில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தோம், புரிந்த மாதிரி இருந்தது.

படகுக்குள் குறுக்காக இரண்டு தடுப்புப் பலகை வைக்க வேண்டும். முன்னும் பின்னும் காற்று அடைபட்டிருந்தால் கவிழ்ந்தாலும் படகு மிதக்கும். அந்த வேலை என்னுடையது. ரிஸ்வானின் மனைவி ஃபரீதா தேத்தண்ணி கொண்டுவந்தபோது ஒன்றை மட்டும்தான் கேட்டாள்.

"அண்ணே, இவருக்கு நீந்த ஏலா. இது தாழாதா?"

"நான் வைக்கிற தடுப்பும்மா. ஒரு சொட்டு உள்ள போகாது."

பிளைவுட்டை இரட்டையாக ஒட்டி, ஓரமெல்லாம் சட்டம் அடித்து, பிசினில் மரத்தூள் குழைத்து மூலைகளில் அப்பினேன். மேலே ஏறிக் குதித்தும் பார்த்தேன், அசையவில்லை. கடைசியில் கை தன்பாட்டில் டிரில்லை எடுத்து, ஒவ்வொரு பலகையிலும் ஆறு துளை போட்டது. கண்டிப் பக்கத்து ஈரத்தில் அலுமாரிக்குத் துளை இல்லாவிட்டால் உடுப்பெல்லாம் பூஞ்சணம் பிடிக்குமே! ரிஸ்வான் வந்து பார்த்து, "வரிசை நல்லா இரிக்கி" என்றான். இரண்டு பேருக்கும் மண்டையில் உறைக்கவில்லை.

ஊரடங்கு தளர்ந்த ஒருநாள் ஆற்று நடுவுக்குப் போனோம். ஊரைப் பார்க்க ரிஸ்வான் திரும்பினான். படகும் திரும்பிக் கவிழ்ந்தது. துளை வழியே முன்னும் பின்னும் தண்ணீர் ஏறி, கயாக் நேராகக் கீழே போய்விட்டது. அவன் சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு நீந்தினேன். அவ்வளவு பயம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கரையில் ஃபரீதா நின்றாள். ரிஸ்வான் குடித்த தண்ணீரைக் கக்கிக்கொண்டே, நான் வாய் திறக்குமுன், "ஓட்ட போட்டது நான்தான்" என்றான் அவளிடம். ஊர் கேட்கத் திட்டு வாங்கினான். நான் பேசாமல் நின்றேன், சீ!

பிறகு விமானம் பறந்தது, அவனும் போனான். இரண்டாம் வருஷம் நெஞ்சுவலி வந்து மௌத்தாகிவிட்டான். அங்கேயே அடக்கினார்கள். கணவனை இழந்தவள் ஒதுங்கியிருக்கும் இத்தா நாட்கள் முடிந்ததும் ஃபரீதாவைப் பார்க்கப் போனேன்.

"அந்த ஓட்டை போட்டது நாந்தாம்மா."

"தெரியும் அண்ணே. அன்னைக்கு ராவே செல்லிட்டாரு. 'அவன்ட்ட கேட்டுறாத, வெக்கத்துல நம்ம வீட்டுக்கு வாறத நிப்பாட்டிருவான்' எண்டாரு."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பட்டறையில் இப்போது நான் தனி. என்ன பிழை விட்டாலும் அது என் பிழைதான்.