மல்வேர்னில் மாற்றிய லண்டன் கசெட்

லண்டன் வீடியோ கசெட் கனடா டெக்கில் ஓடாது என்பது, நண்பனுக்குப் பரிசாக ஒன்றைக் காவிக்கொண்டு ரொறன்ரோ வந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அது கறுப்பு வெள்ளையில் எடுத்த பழைய பிரிட்டிஷ் விண்வெளித் தொடர். கனடா டெக்கில் ஓடுகிற மாதிரி மாற்றித் தரச் சொல்லி, இங்கே மல்வேர்ன் பகுதியில் ஒரு கலியாண வீடியோக் கடையில் கொடுத்திருந்தேன். இன்று கடைக்கார அண்ணை அதைப் பெருமையோடு போட்டுக் காட்டுகிறார்.

வேற்றுக்கிரகத்துத் தகர மனிதர்கள் பூமியை அழிக்க விண்கலத்திலிருந்து இறங்குகிறார்கள். திரையைச் சுற்றிச் சிவப்பு ரோசாப்பூக்கள். பின்னணியில் நாதஸ்வரம்.

"என்ன அண்ணை உது?"

"சத்தமே இல்லாமல் நடந்து வருகினம், தம்பி. ஆக்கள் வந்து இறங்கேக்கை மேளம் இல்லாட்டி வடிவா இராது. அதுதான் போட்டுவிட்டனான்."

"அவை பூமியை அழிக்க வருகினம், அண்ணை."

"அது பிறகு. முதல்ல வந்தவையை வாங்கோ எண்டு கேக்கிறதுதானே முறை?"

சண்டை பிடிக்க வாயெடுத்தவன் திரையைப் பார்க்கிறேன். தகர மனிதர்களின் ஆடி அசைந்த நடை, தாளத்துக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. துப்பாக்கியோடு எதிரே நிற்கும் பிரிட்டிஷ் சிப்பாய்கள்தான், ஆரத்தித் தட்டை வீட்டில் மறந்துவிட்டு வந்த பெண்வீட்டார்போல் முழிக்கிறார்கள்.